முனியப்பன் வளைவில் லைசென்ஸ்

என் லைசென்ஸ் காலாவதியாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. அந்தப் பத்தொன்பது நாளும் லாரி ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். உத்தனப்பள்ளியிலிருந்து புளி, தளியிலிருந்து உருளைக்கிழங்கு, ஓசூரிலிருந்து பெங்களூருக்கு என்னென்னவோ. எதை எங்கே ஏற்றினேன், எங்கே இறக்கினேன் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கல்யாணமாகி இருபத்திரண்டு நாள். சாலை தானாக வந்து என் சக்கரத்தடியில் நுழைந்து, பின்பக்கமாக வெளியேறிப் போய்க்கொண்டிருந்தது. நான் சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். மைல் கல்லைப் பார்த்துச் சிரித்தேன். இருபத்தைந்து வயதில் ஒருவன் அப்படி இருக்கலாம். இப்போது நாற்பத்தெட்டு. இப்போதும் மைல் கல்லைக் கண்டால் உதடு கொஞ்சம் விரியத்தான் செய்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் இருமிக்கொள்கிறேன்.

தேதியைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவள் ஆனேக்கல் பக்கத்துப் பெண். எல்லைக்கு அந்தப் பக்கம், அப்போது மைசூர் ராஜ்யம். எங்களுக்கு எல்லை என்பது சாலையின் குறுக்கே ஏறி இறங்கும் ஒரு மூங்கில் தடுப்பு, அவ்வளவுதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த மூங்கிலுக்குக் கீழே குனிந்து போய்வருகிற காரியங்கள். வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தெலுங்கு, சந்தையில் தமிழ் என்று வளர்ந்தவள். என்னை அவள் ஊர் வழக்கப்படி ‘ஏன்ரீ’ என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் காது கேட்காதவன் மாதிரி இரண்டாம் முறை கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையிலிருந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒட்டியிருந்த போட்டோவை வெகுநேரம் பார்த்திருக்கிறாள். அதில் என் மீசை முளைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள். எண்கள் எல்லா ராஜ்யத்துக்கும் ஒன்றுதானே.

“ஏன்ரீ, இந்த சீல்ல ஒரு தேதி போட்டிருக்குதே, அது எதுக்கு?”

“அதுவரைக்கும் வண்டி ஓட்டலாம்னு அர்த்தம்.”

“அது போன மாசமே முடிஞ்சு போச்சே.”

களி உருண்டையில் குழி பறித்துக்கொண்டிருந்த என் விரல் அப்படியே நின்றது. அவள் புத்தகத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் தேதியைப் பார்க்கவில்லை. புத்தகத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களைத்தான் பார்த்தேன். ‘பேடா, அதெல்லாம் வேணாம், முதல்ல இதப் பாருங்க’ என்று புத்தகத்தை இன்னும் மேலே தூக்கி அந்தக் கண்களையும் மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியதாயிற்று.

அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தவனைப் போலீஸ் பிடிக்கும் என்பது எனக்குப் பெரிய பயமில்லை. திங்கட்கிழமை பஸ் கிளம்பப்போகிறது, பயம் அதுதான். என் முதலாளி இரண்டு வருஷம் அலைந்து ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக இராயக்கோட்டை வரைக்கும் ஒரு பஸ்ஸுக்கு அனுமதி வாங்கியிருந்தார். உத்தனப்பள்ளி என் ஊர். அந்தப் பஸ்ஸை ஓட்டப்போவது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருந்தார்.

லாரி ஓட்டினவர்களுக்குத்தான் பஸ் என்றால் என்னவென்று தெரியும். லாரியில் முதுகுக்குப் பின்னால் மூட்டைகள் இருக்கும். மூட்டை உம்மென்று வரும். நீ எவ்வளவு அழகாக வளைத்தாலும் மூட்டை பாராட்டாது. பஸ்ஸில் உன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், வாந்தி எடுப்பார்கள், கோழியைத் தவறவிடுவார்கள். கை காட்டுகிற கிழவருக்கு நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம்; எல்லாம் உன் இஷ்டம். என் ஊர்ச் சத்திரத்து முன்னால் நான் ஹாரனை அழுத்தி நிறுத்த, என் சொந்தக்காரர்கள் எல்லாம் இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு ஓடிவர வேண்டும். இந்தக் காட்சியை நான் மனத்துக்குள் அதுவரை நூறு முறை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

முதலாளி பெருத்த மனிதர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். புத்தகத்தைக் கையில் வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“ஒரேய், கல்யாணம் பண்ணிக்கினா கண்ணு அவிஞ்சு பூடுமா? பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்குதா, இல்ல அதையும் புஸ்தகத்துல பாத்துதான் சொல்லுவியா?”

“இருக்குதுங்க.”

“பத்தொம்போது நாளு என் புளி மூட்டைங்க சாமி பேரச் சொல்லிக்கினு ஓடியிருக்குது.” கொஞ்ச நேரம் மூக்கைத் தடவினார். “நாளைக்குக் கிருஷ்ணகிரியில பிரேக் இன்ஸ்பெக்டரு கேம்ப்பு. நாளைக்கு விட்டா அடுத்த மாசந்தான் வருவாரு. திங்கக்கிழம உன் கையில லைசென்ஸு இல்லேன்னா பஸ்ஸ ஓட்டறது தேன்கனிக்கோட்டைக்காரன். அவன எனக்குப் புடிக்கவே புடிக்காது. ஆனா அவங்கிட்ட லைசென்ஸு இருக்குது.”

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரை எங்கள் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். சேலத்திலிருந்து மாதம் ஒரு நாள் வந்து கிருஷ்ணகிரி டிராவலர்ஸ் பங்களாவில் உட்காருவார். வண்டிகளைப் பார்ப்பார், லைசென்ஸ் கொடுப்பார், புதுப்பிப்பார், சாயங்காலம் போய்விடுவார். புதிதாக வந்தவர் திருநெல்வேலிக்காரர், கறாரானவர் என்று பேச்சு. தேதி தாண்டி வந்தவன் மறுபடியும் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார் என்றும் பேச்சு.

கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர். அன்றைய கணக்கில் முப்பது மைல். நான் ஓட்டக்கூடாது. ஆகவே மறுநாள் காலையில் முதலாளியே ஓட்டினார். யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த லாரி அது. அவர் லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தாரே தவிர ஸ்டியரிங்கைத் தொட்டு நாலு வருஷமாகியிருந்தது. நடுவில் நான், ஓரத்தில் என் மனைவி. அவளை யாரும் கூப்பிடவில்லை. கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் லாரிப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நீ எதுக்கும்மா?” என்றார் முதலாளி.

“தேதியக் கண்டுபுடிச்சது நானுங்க. அது சரியாவறதயும் நான் பாக்கணும்.”

முதலாளி கதவைத் திறந்துவிட்டார். ஏறிக்கொண்டாள்.

அந்தப் பிரயாணத்தை நினைத்தால் இப்போதும் என் உடம்பு இடதும் வலதுமாக ஆடுகிறது. முதலாளி கியரை மாற்றும்போதெல்லாம் தெலுங்கில் அதனிடம் மன்றாடினார். லாரி ஒவ்வொரு முறையும் ஒரு எருமையைப் போலக் கத்திவிட்டுத்தான் ஒப்புக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் சாய, நான் அவள் மேல் சாய்ந்தேன். மறுபக்கம் சாய, அவள் என் மேல் சாய்ந்தாள். சாலை நேராக இருந்த இடத்திலும் இரண்டு முறை சாய்ந்தோம். அதற்கு முதலாளி பொறுப்பில்லை. சூளகிரி மலை எங்களோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து, முடியாமல் நின்றுவிட்டது. சாலையில் வேலையில்லாமல் உட்கார்ந்து வருவது எவ்வளவு போதையான விஷயம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஓட்டுகிறவனுக்கு மரங்கள் தெரிவதே இல்லை. அன்று ஒவ்வொரு புளிய மரத்தையும் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டினேன். ‘புளிமரம்’ என்று சொன்னேன். ‘ஹௌது, ஆமா’ என்று அவளும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்பட்டாள்.

கூடவே ஏற்றி வந்த புளி மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போனோம். வராந்தாவில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா இருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே நம்மைப் பார்த்து, கண்ணாடிக்குள்ளே காகிதத்தைப் பார்ப்பவர். விண்ணப்பத்தில் இருந்த கேள்விகளை அவரே தமிழில் கேட்டு அவரே இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.

“காக்கா வலிப்பு உண்டா?”

“இல்லீங்க.”

“திடீர்னு தலைசுத்தல், மயக்கம், கிறுகிறுப்பு?”

நான் உண்மை பேசுகிறவன். யோசித்தேன். “கல்யாணம் ஆனதிலேருந்து கொஞ்சம் உண்டுங்க.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் நின்றிருந்த கிளிப்பச்சையைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். “இல்லைன்னு போட்டுடறேன்” என்றார்.

அந்தச் சமயம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான உயரம், இஸ்திரி போட்ட காக்கி, காதோரம் நரை. நான் நிமிர்ந்து நின்றேன். முகத்தை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் கடைகள் உண்டு. ஓசூரிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு ஒருவன் வந்து நின்றால் எந்த அதிகாரியும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்.

“எங்கேருந்துலே வாறே?”

“ஓசூருங்க.”

“அந்தப் பக்கம் போய்ட்டு வந்தியோ? கிட்ட வா. ஊது.”

ஊதினேன். காலையில் குடித்த மோரும், மண்டியில் தின்ற ஒரு கொய்யாவும்தான் போயிருக்கும். மறுபடி ஊதச் சொன்னார். ஊதினேன். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

“பொறவு எதுக்குச் சிரிக்கே?”

“தெரியலீங்க.”

“பத்தொம்பது நாள் தேதி தாண்டி வந்திருக்கே. இதுல சிரிப்பு வேறயா? ஓட்டிக் காட்டுதியா, பாப்பம்.”

முதலில் கண் பார்வை. மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற ஜீப்பின் நம்பரைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சிவப்பு எது, பச்சை எது என்றார். பச்சைக்குத் திரும்பி என் மனைவியைக் காட்டினேன். குமாஸ்தா இருமினார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் லாரியில் என் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். முதலாளியும் அவளும் வராந்தாத் தூணருகே நின்றார்கள்.

நான் நன்றாக ஓட்டுகிறவன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. செய்த வேலைகளில் இதை ஒன்றைத்தான் அப்படிச் சொல்ல முடியும். முதலாளியின் கையில் எருமையாகக் கத்திய அதே வண்டி என் கையில் பால் குடித்த பூனையாக நகர்ந்தது. கியர் விழுவது எனக்கே கேட்கவில்லை. வலது கையை முழுசாக வெளியே நீட்டிச் சைகை காட்டினேன். சந்தைக் கூட்டத்தில் ஒரு ஆட்டுக்கும் அதன் குட்டிக்கும் நடுவில் புகாமல் இரண்டும் சேரும்வரை நின்றேன். இன்ஸ்பெக்டரின் தோள்கள் தளர்ந்து இருக்கையில் சாய்ந்தன. பஸ் என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. அதன் வண்ணம்கூடத் தெரிந்தது.

ஊரை விட்டு வெளியே வந்தால் சாலை மெல்ல இறங்கி இடப்பக்கம் வளையும். வளைவின் முதுகில் ஒரு வேப்பமரம், அதனடியில் சுண்ணாம்பு அடித்த முனியப்பன். முறைத்த கண், கையில் ஓங்கிய அரிவாள். அந்தச் சாலையில் போகிற எந்த ஓட்டுநரும் அவரைச் சும்மா கடக்கமாட்டான். ஒரு கையை நெற்றியில் தொட்டுப் போவது கார்க்காரர்கள் வழக்கம். நாங்கள் பாரம் ஏற்றுகிறவர்கள். எங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். வளைவுக்கு முன்னால் முழங்கால் இரண்டையும் மேலே தூக்கி ஸ்டியரிங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கைகளை எடுத்துக் கூப்பி, ‘அப்பனே’ என்று சொல்லி, மறுபடி பிடித்துக்கொள்வோம். இரண்டு மூச்சு நேரம்தான். கண்ணிமைப்பதை யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா? அன்று காலையில் அதே இடத்தில் முதலாளியும் எடுத்தார். நாங்கள் மூன்று பேருமே அதைக் கவனிக்கவில்லை.

நான் கையை எடுத்தேன்.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் அது எஞ்சினில் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு காலையும் நீட்டித் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கை கதவையும் இன்னொரு கை என் சட்டையையும் பிடித்திருந்தது.

“நிறுத்துலே. நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து.”

ஓரமாக, சைகை காட்டி, ஒழுங்காக நிறுத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

“கையை எதுக்குலே விட்டே?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. “முனியப்பனுங்க” என்றேன்.

“எறக்கத்துல, வளைவுல, ரெண்டு கையையும் விட்டுட்டுக் கும்பிடுதே. அப்பம் வண்டிய ஆரு ஓட்டுதா? முனியப்பனா?”

“அந்த எடத்துல மட்டும் ஆமாங்க.”

அவர் பங்களாவுக்குத் திருப்பச் சொன்னார். வராந்தாவில் ஏறியதும் குமாஸ்தாவிடம், “அடுத்த மாசம் வரச் சொல்லும்” என்றார். என் பஸ் அப்படியே பின்னோக்கி நகர்ந்து தேன்கனிக்கோட்டைக்காரன் கைக்குள் போயிற்று. சிரிப்பு முதல் முறையாக முகத்தை விட்டு இறங்கியது. முகம் வெறிச்சென்று இருந்தது.

முதலாளி எனக்காகப் பேச முன்வந்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. “சார், இதுல அவந்தப்பு ஒண்ணியும் இல்லீங்க. இந்த ரோட்டுல கை எடுக்காதவன் எவன் சார்? காலைல நானே எடுத்தேனுங்க.”

“அப்படியா சங்கதி? ஒம்ம லைசென்ஸையும் கொண்டாரும், பாப்பம்.”

முதலாளி இரண்டடி பின்னால் போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் ஆகிவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னத் தூணுக்குப் பின்னால் மறைந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அப்போது என் மனைவி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

“சாமி, ஒண்ணு கேக்கலாமா? அவரு கும்புட்டது தப்பா, கைய எடுத்தது தப்பா?”

இன்ஸ்பெக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. “கும்பிட்டதுல என்னம்மா தப்பு? கும்பிடட்டும். கைய எடுத்ததுதான் தப்பு.”

“அப்ப கும்புடறத நான் கும்புட்டுக்கறேன். அவரு கை அங்கயே இருக்கட்டும். நான் இப்பவே நடந்துபோயி அந்த முனியப்பங்கிட்ட நிக்கறேன். நீங்க அவர மறுபடி ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. அவருக்கும் சேத்து நான் கும்புட்டுட்டா, அவரு எதுக்குக் கைய எடுக்கப்போறாரு?”

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை வெறுங்கண்ணால் பார்த்தார். தூணுக்குப் பின்னாலிருந்து முதலாளியின் குரல் மட்டும் வந்தது: “ஞாயந்தானுங்க சார்.”

“நீரு சும்மா இரும்” என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு என்னைப் பார்த்தார். “இது நல்ல கூத்தால்ல இருக்கு. ஏலே, அவ கும்பிட்டா ஒனக்கு ஆகுமா?”

நான் நிஜமாகவே யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஆகாது என்றுதான் சொல்லியிருப்பேன். என் கை என் கை, என் பயம் என் பயம். இப்போது அந்தக் கணக்கு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. “ஆகுமுங்க” என்றேன்.

“ஒரே ஒரு தடவ. கை எழும்புச்சோ, அடுத்த மாசமும் கெடையாது பாத்துக்கோ.”

அவள் கிளம்பிவிட்டாள். பங்களா வாசலிலிருந்து வளைவுக்கு அரை மைலுக்கு மேல் இருக்கும். வெயில் ஏறியிருந்தது. பச்சைச் சேலை சாலையின் நடுவில் போயிற்று, கிளியாயிற்று, இலையாயிற்று, கண்ணில் விழுந்த துரும்பாயிற்று. இன்ஸ்பெக்டர் ஒரு கலர் சோடா வரவழைத்துக் குடித்தார். இன்னும் போயிருக்கமாட்டா, இன்னும் போயிருக்கமாட்டா என்று அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிளம்பினோம். சந்தை, ஆடுகள், சைகை எல்லாம் முன்போலவே. ஊரைத் தாண்டியதும் என் தோளுக்குள் ஏதோ ஊறத் தொடங்கியது. பழக்கம் என்பது தலையில் இருப்பதாக நான் நினைத்திருந்தேன். அது முழங்காலில் இருக்கிறது. என்னைக் கேட்காமலே இரண்டு முழங்காலும் மேலே எழும்பின. ஸ்டியரிங்கை உடைந்துவிடும் போல இறுக்கினேன். விரல் நுனிகள் வெளுத்தன. உள்ளங்கை இரண்டும் ஒன்றையொன்று தேடித் தவித்தன. வேப்பமரம் வந்தது. வளைவு திறந்தது. அதன் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, முனியப்பனுக்கு நேராக, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பியபடி. லாரிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை. என் வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள். அவள் கவனம் சிதறக்கூடாது.

நான் சாலையைப் பார்த்தேன். முழு வளைவையும் பார்த்தேன். அந்த வளைவின் நடுப்பகுதியை என் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததே இல்லை. அங்கே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அப்போது ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளும் மெல்ல எழுந்து நெஞ்சருகே சேர்ந்தன. கண்கள் மூடியிருந்தன. இரண்டு மூச்சு நேரம். பிறகு அந்தக் கைகள் ஒன்றும் நடக்காதது போலப் பிரிந்து, ஒன்று மீசையைத் தடவியது, ஒன்று தொப்பியைச் சரிசெய்தது. அந்த லாரியில் முனியப்பனைக் கும்பிடாமல் போனது நான் ஒருத்தன்தான்.

என் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு மறுபடி ஏறத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“என்ன?” என்றார்.

“ஒண்ணும் இல்லீங்க. இங்க ஒரு பள்ளம் இருக்குதுங்க.”

“ஆமா. இருக்கு” என்றார் அவர். “திருப்பு வண்டிய.”

திருப்பும்போது அவள் இன்னும் முனியப்பனைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று, இன்ஸ்பெக்டர் மனம் இளகுவதற்கு ஒன்று என்று மூன்று முறை கும்பிட்டதாகப் பிறகு சொன்னாள். எந்தக் கும்பிடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் அவளிடம் அப்போது சொல்லவில்லை.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட, குமாஸ்தா ரப்பர் முத்திரையை வாயால் ஊதி ஈரமாக்கி, என் புத்தகத்தின் மேல் இறக்கினார். டப் என்ற அந்தச் சத்தம் என் காதுக்கு மத்தளமாக இருந்தது. புத்தகத்தை என் கையில் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பொண்டாட்டி கூட வராத அன்னிக்கு என்ன செய்வே?”

“வீட்ல இருந்துகிட்டே கும்புடுவாளுங்க. நேரம் சொல்லிட்டு வந்துடுவேன்.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. அதைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளி தூணை விட்டு வெளியே வந்து புத்தகத்தை வாங்கி, முத்திரையை முகர்ந்து பார்த்தார். “மை காயட்டும், மூடாத. திங்கக்கிழம அஞ்சு மணிக்கு ஷெட்டுக்கு வந்துடு. பஸ்ஸுக்குப் பூ வாங்கறது உன் பொறுப்பு.” அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கை எட்டாது. “நான் பின்னால படுத்துக்கறேன், காலைல ஓட்டினது இடுப்பு வுட்டுப்போச்சு” என்று காலிச் சாக்குகளின் மேல் ஏறிப் படுத்துவிட்டார்.

வளைவில் அவள் வேப்ப நிழலில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தினேன். கை பிரேக்கைப் போட்டேன். எஞ்சினை அணைத்தேன். கீழே இறங்கி, முனியப்பனுக்கு முன்னால் சாவகாசமாக நின்று கும்பிட்டேன். அவள் ஏறி உட்கார்ந்து லைசென்ஸை வாங்கி மடியில் விரித்து வைத்துக்கொண்டாள், மை காய வேண்டுமே. காற்றில் பக்கம் புரளாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். போட்டோவில் இருந்த அந்த அரைமீசைக்காரன் அவள் மடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

சாயங்கால வெயில் கண்ணாடியில் நேராக விழுந்தது. யாராவது நிறுத்தி லைசென்ஸைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே ஓட்டினேன். சூளகிரியில் ஒரு போலீஸ்காரர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். அவருக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். அவர் டீயைத்தான் பார்த்தார்.

“கேக்கவே மாட்டேங்கறாங்களே” என்றேன்.

“நான் கேக்கறேன்” என்றாள் அவள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “ஏய் டிரைவர், லைசென்ஸ் எல்லி?”

“உங்க மடியில இருக்குதுங்க, ஐயா.”

இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி கொஞ்சம் நெளிந்தது, உடனே நேராக்கினேன். ஓசூர் வந்தது. மலைக்கோயில் வந்தது. வலப்பக்கம் முதலாளியின் ஷெட் வந்தது. அதன் தகரக் கதவு திறந்தே இருந்தது. நான் சைகை காட்டவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. ஷெட் பக்கவாட்டில் போயிற்று, கண்ணாடிக்குள் சுருங்கிப் போயிற்று. சாலை எல்லையை நோக்கி நேராகக் கிடந்தது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பது போல.

எங்கள் தலைக்கு மேலே கூரைத் தகரம் தடதடத்தது. முதலாளி விழித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். “ஒரேய், ஷெட்டு போச்சுடா. நிலுப்புடா, நிறுத்துடா.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த புத்தகத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் மை காயலைன்னு சொல்லுங்க” என்றாள்.